கழற்றி மாட்டும் ஊஞ்சல்

இனிமேல் கூரை ஏறாமல் பிழைக்க வேண்டும். சுகுமார் அந்த ஊஞ்சலைச் செய்ய ஒப்புக்கொண்டதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. குழந்தைகள் மேல் தனிப் பிரியம் என்றெல்லாம் சொல்ல முடியாது. இரண்டைப் பெற்று வளர்த்த களைப்புதான் இருந்தது.

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் அவனுடைய வெல்டிங் பட்டறை. கேட், கிரில், ஜன்னல். இப்போது கேட்டெல்லாம் ரெடிமேடாக வந்து இறங்குகிறது. விடாமல் கிடைக்கிற வேலை என்றால் ஷெட் போடுகிற வேலைதான். காண்டிராக்டர் சேட்டு கூப்பிடுவான். அவனுக்குச் சொந்தப் பெயர் வேறு ஏதோ உண்டு, யாருக்கும் நினைவில்லை. போன மழைக்கு முன்னால் பெருமுக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக் கூரையில் தகட்டுக்கு ஸ்க்ரூ முறுக்கும்போது சுகுமார் கீழே விழுந்தான். இடுப்பில் கம்பி வைத்து அனுப்பினார்கள். நடக்கலாம், குனியலாம், வெல்டிங் அடிக்கலாம். ஏணியில் கால் வைத்தால் மட்டும் கெண்டைக்கால் தானாக உதறுகிறது. சேட்டு இரண்டு முறை கூப்பிட்டான், சுகுமார் இரண்டு முறையும் ஏதோ சாக்குச் சொன்னான். மூன்றாவது முறை கூப்பிடமாட்டான் என்று வேணியிடம் சொன்னான். வேணி அவன் மனைவி. "கூப்பிடாட்டி போவட்டும்" என்றாள். ஆனால் அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் விழுப்புரத்திலிருந்து கலைப்பிரியா ஜன்னல் கிரில்லுக்கு வந்தாள். வாடகை வீட்டில் சின்னக் குழந்தைகள் பள்ளிக்கூடம் தொடங்கப்போகிறாள். கிரில் அளவு கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அண்ணா, இன்னொன்னு கேக்கணும். காலைல சின்னதுங்க வரும், அதுங்களுக்கு முன்னும் பின்னும் சாய்ஞ்சி ஆட்றது வேணும். மத்தியானம் வர்ற பெரிசுங்களுக்கு ஊஞ்சல் வேணும். ரெண்டும் வெக்க ஹால்ல இடம் இல்ல. ஒன்னுலயே ரெண்டும் ஆகுமா?"

"ஆவும் மேடம்."

எப்படி ஆகும் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

"நல்லா வந்துச்சின்னா அடுத்து தொறக்கற பிராஞ்சுக்கும் போட்டுக்கலாம். என் ஃப்ரெண்ட்ஸும் ஸ்கூல் வெச்சிருக்காங்க. ஆனா டீச்சரே தனியா மாத்தணும்ணா. ஒவ்வொரு தடவையும் உங்கள கூப்பிட முடியாது."

அவள் போனபின் சுகுமார் பட்டறைத் தரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். இந்த வேலை முழுவதும் இந்தத் தரையிலேயே முடியும். ஏணி வேண்டாம்.

சாக்பீஸால் தரையிலேயே வரைந்தான். ஒரு இருக்கை. அதன் அடியில் பிறைபோல வளைத்த இரண்டு குழாய். தரையில் வைத்தால் சாய்ந்தாடும். தனியாக ஒரு ஸ்டாண்டு. மேல் குழாயிலிருந்து நான்கு பட்டைக் கம்பி தொங்கும். இருக்கையைத் தூக்கி அந்தப் பட்டைகளில் போல்ட் போட்டால் ஊஞ்சல். ஊஞ்சல் வேண்டாத நேரத்தில் இருக்கையை இறக்கி, அதே போல்ட்டுகளால் ஸ்டாண்டின் அடியில் பூட்டிவிட்டால் நகராமல் ஒரே இடத்தில் ஆடும். வரைந்தபோது சுலபமாகத்தான் இருந்தது.

குழந்தைக்குப் பதிலாக ஒரு சின்ன மல்லாட்டை மூட்டையை, நிலக்கடலைதான், உட்கார வைத்து ஆட்டிப் பார்த்தான். மூட்டை பின்பக்கமாகக் கவிழ்ந்தது. பிறையை அறுத்து, வளைவைக் குறைத்தான். இப்போது மூட்டை ஆடவே இல்லை. மறுபடி அறுத்தான். குழாயின் நுனியில் கட்டை வைத்தபிறகுதான் கவிழாமல் ஆடியது. ஊஞ்சலாக மாட்டினால் பிறை போய் ஸ்டாண்டின் குறுக்குக் குழாயில் இடித்தது. குறுக்குக் குழாயைப் பின்னால் தள்ளினான். சோறு கொண்டுவந்த வேணி பட்டைக்கும் இருக்கைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இதுல புள்ள வெரலு பூந்துச்சின்னா?"

"பூராது."

"என்துதே பூருது."

அதையும் அறுத்தான். இடுப்பு வலி ராத்திரியில் தூங்கவிடவில்லை. ஆனாலும் காலையில் பட்டறைக்கு வரும்போது, எங்கே மேலே ஏறச் சொல்வார்களோ என்கிற பயம் இல்லாமல் வந்தான். அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

டீச்சர் ஸ்பானர் பிடிக்கமாட்டாள் என்பதால் ஒவ்வொரு நட்டிலும் இரண்டு பக்கம் காது மாதிரி கம்பித் துண்டு வைத்தான். கையாலேயே திருகலாம். வேணியைக் கூப்பிட்டுக் கழற்றி மாட்டச் சொன்னான். அவள் கழற்றினாள், தூக்கினாள், மாட்டினாள். "கனமாத்தான் கீது. ஆனா முடியுது" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் தாண்டவராயனிடம் பெயிண்ட் வேலையைக் கொடுத்துவிட்டு சுகுமார் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

தாண்டவராயன் பட்டறையில் பழைய ஆள். சுகுமாரைவிட மூத்தவர். தேய்ப்பது, பெயிண்ட் அடிப்பது, கொண்டுபோய்ப் பொருத்துவது எல்லாம் அவர்தான். சிவப்பும் மஞ்சளுமாக அடித்து, காலையில் குட்டியானை வண்டியில் ஏற்றியும் வைத்திருந்தார். கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"ஏறி உக்காரு சுகுமாரு, விழுப்புரம் வரைக்கும் ஆட்டிக்கினே கூட்டினு போறேன்."

"என் இடுப்பு ஏற்கெனவே ஆடிக்கினுதான் இருக்குது. வுடுண்ணா."

கலைப்பிரியாவின் பள்ளிக்கூட ஹாலில் இறக்கி வைத்தார்கள். திங்கட்கிழமை திறப்பு. சுவரில் யானையும் மாம்பழமும் வரைந்து முடித்திருந்தார்கள். டீச்சர் ஆர்த்தி பக்கத்து வீட்டுப் பையன் சேரனைத் தூக்கிவந்து உட்கார வைத்தாள். அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு ஆடினான். பிறகு இறங்கமாட்டேன் என்றான்.

"போதும்னு சொல்ல மாட்றான் பாருங்கணா" என்று சிரித்துக்கொண்டே கலைப்பிரியா போனில் வீடியோ எடுத்தாள். "சூப்பரா இருக்குணா. இப்ப ஊஞ்சலா மாத்துங்க. இல்ல, ஆர்த்தி, நீ மாத்து."

சேரனை அழ அழ இறக்கினார்கள். ஆர்த்தி குனிந்து நட்டின் காதைப் பிடித்துத் திருகினாள். திரும்பவில்லை.

"டைட்டா இருக்குங்க."

"புது பெயிண்டு. அதான்" என்று சுகுமார் போய்த் திருகினான். கம்பித் துண்டு விரலில் பதிந்ததுதான் மிச்சம். அடுத்த நட்டுக்குப் போனான். அதற்கடுத்ததற்கும் போனான். பிறகு உட்கார்ந்து, நகத்தால் பெயிண்டைச் சுரண்டினான். நட்டும் போல்ட்டும் சேருகிற இடத்தில் ஒரு வெல்டிங் பொட்டு. நான்கிலும் இருந்தது.

கேட் மாட்டுகிற எல்லாருக்கும் அந்தப் பொட்டு தெரியும். மாட்டி முடித்ததும் நட்டின் மேல் ஒரு பொட்டு அடித்துவிடுவார்கள். இல்லையென்றால் திருடன் நட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டையே தூக்கிக்கொண்டு போய்விடுவான். ஜக்காம்பேட்டையில் ஒரு வாத்தியார் வீட்டில் அப்படித்தான் போனது. அதற்கப்புறம் அவர்கள் பட்டறையிலிருந்து பொட்டு அடிக்காத நட்டு ஒன்றுகூட வெளியே போனதில்லை.

சுகுமார் திரும்பிப் பார்த்தான். தாண்டவராயன் கையிலிருந்த துணியால் காரணமில்லாமல் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா இது?"

"வெச்சிட்டேன்பா."

"கழட்டி மாட்றதுண்ணா இது! உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்பா. தெரியாம இல்ல. பெயிண்டு டப்பாவைத் தொறந்தேன், நட்டு கண்ல பட்டுச்சி, கை தானா போய்டிச்சி. காது வேற வெச்சிருந்த. எவனா கையாலயே கழட்டிக்கினு பூடுவான்னு… நல்லா அழுத்தியே வெச்சிட்டேன்."

கலைப்பிரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன ஆச்சுணா?"

"அஞ்சி நிமிஷம் மேடம். ஜல்தியா முடிச்சித் தர்றேன்."

தெருமுனையில் இருந்த கிரில் கடையில் கிரைண்டர் இரவல் வாங்கி வந்தான். ஹாலுக்குள் நெருப்புப்பொறி பறக்கக்கூடாது என்று வாசலுக்கு இழுத்துப்போட்டு அறுத்தார்கள். பெயிண்ட் கருகி நாறியது. சேரன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். பொட்டு போனது. ஆனால் தாண்டவராயன் அழுத்தி வைத்ததில் நட்டு சுற்றி ஏறுகிற மரையும் சேர்ந்து உருகியிருந்தது. இரண்டு நட்டு எப்படியோ ஏறியது. இரண்டு ஏறவே இல்லை. அந்த இரண்டு இடத்திலும் கட்டுக்கம்பியை மடித்து மடித்துச் சுற்றினான். இருக்கையைப் பிடித்துத் தள்ளினான். அழகாக முன்னும் பின்னும் போய்வந்தது. எங்கும் இடிக்கவில்லை.

"பாருங்க மேடம். நல்லா ஆடுது. நட்டு மட்டும் புதுசு போட்டா முடிஞ்சிது."

கலைப்பிரியா பக்கத்தில் வந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"கம்பியில கட்டினதுல நான் புள்ளைங்கள ஏத்தமாட்டேன்ணா."

"இப்பிடியே வெக்கப் போறதில்ல மேடம். நாளைக்கே மாத்தி…"

"நாளைக்கு மாத்துவீங்க. அடுத்த மாசம் பெயிண்டு அடிக்கறப்ப இவரு மறுபடி வெச்சிடுவாரு." கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கும் கண்ணுக்கடியில் கருப்புத் தட்டியிருந்தது. "திங்கக்கெழம பேரன்ட்ஸ் எல்லாம் வராங்க. ஒருத்தர் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? பாண்டிச்சேரில பிளாஸ்டிக்ல இருக்கு. சின்னது ஒன்னு வாங்கிப் போட்டுக்கறேன். ஊஞ்சல் இல்லாட்டி பரவால்ல. கிரில்லு நல்லா போட்டிருக்கீங்கணா, அது வேற."

சுகுமார் இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம். இடுப்பில் கம்பி இருப்பதைச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

கிரைண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊஞ்சலை மறுபடியும் வண்டியில் ஏற்றினார்கள். பின்னால் அதன் பக்கத்திலேயே இருவரும் உட்கார்ந்துகொண்டார்கள். விக்கிரவாண்டி தாண்டியது. லாரிக் காற்று முகத்தில் அடித்தது.

"திட்டேன்டா" என்றார் தாண்டவராயன்.

"திட்டி?"

"ஏதாவது சொல்லு. ஊமக்கோட்டான் மாதிரி வந்தா எனுக்குப் பேஜாரா கீது."

"நானு பாத்திருக்கணும். பாக்காம தூக்கினு வந்தேன். வுடுண்ணா."

"நான் வேணா சேட்டுகிட்ட பேசட்டா? மேல நான் ஏறிக்கறேன், நீ கீழ நில்லு."

"உன் கண்ணுக்கு வண்டி நம்பரே தெரியல. நீ மேல ஏறி இன்னா பண்ணப்போற, காக்கா ஓட்டப்போறியா?"

தாண்டவராயன் சிரித்தார். சுகுமாருக்குச் சிரிப்பு வரவில்லை. போனை எடுத்து சேட்டுக்கு அடித்தான். மூன்றாவது தடவைதான் சேட்டு எடுத்தான்.

"அடடே, ஊஞ்சல் கம்பெனி மொதலாளி! இன்னாபா, வழி தெரிஞ்சுதா?"

"வேலை கீதாண்ணா?"

"மரக்காணத்துல ஐஸ் கம்பெனி ஷெட்டு. கீழல்லாம் ஆளு ரொம்பிப் போச்சி. மேலதான் ஆளு வேணும். ஏறுவியா? கால் உதறுதுன்னு எவனோ சொன்னான்."

தாண்டவராயன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் ஒன்னுமில்லண்ணா. ஏறுவேன்."

"அப்ப காலைல வந்துடு. கடல் காத்து பலமா அடிக்குது, பாத்துக்க."

வீட்டில் வேணி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்.

"எங்க?"

"மரக்காணம்."

"மேலயா?"

"மேலதான்."

"இடுப்புக்குக் கயிறு குடுப்பானா?"

"கேக்கல."

"போன் பண்ணிக் கேளு."

சுகுமார் போனைக் கையில் எடுத்தான். சேட்டு பேரைத் தொட்டான். மணி அடிக்கும் முன்பே நிறுத்திவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"கேட்டா வேற ஆளக் கூப்டுக்குவான்" என்றான்.

வேணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.