கமலாபுரத்துக்கு ஒன்றரை மணி நேரம்

"எனக்கு ஏழு நாள் லீவு வேணும் சார்."

வேலை நிரந்தரமாகிற வரைக்கும் லீவு என்ற பேச்சையே எடுக்காதே என்று அறைத்தோழி வைஷாலி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கனகவல்லியும் பதினோரு மாதம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

டீம் லீடர் பத்மநாபன் சென்னைக்காரர். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். அம்மாவைப் பாக்கணும்."

"அதுக்கு எதுக்கும்மா ஏழு நாள்?" சிரித்துக்கொண்டே திரையிலிருந்த தளத்தில் ஊர்ப் பெயர்களைத் தட்டினார். எந்த இரண்டு விமான நிலையங்களைக் கொடுத்தாலும் இடையிலுள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் இணையதளம் அது. புனேயின் கராடிப் பகுதியில் இருந்த அந்த அலுவலகத்துக்கு அதுதான் பிழைப்பு. கணக்கை எழுதியவள் கனகவல்லி. "பாரு, நீ எழுதினதுதான். புனே டு சேலம், எண்ணூத்தி எழுபத்தஞ்சு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமை போயிட்டு ஞாயித்துக்கிழமை வந்துடு."

"இங்கருந்து சேலத்துக்கு நேரா பிளேனே கிடையாது சார்."

"பிளேன் ஓட்டறது நம்ம வேலை இல்லம்மா."

இந்தத் திரையை நம்பித்தான் அவளும் வாயைக் கொடுத்தாள். கணக்குச் சரியாக வந்த அன்று, தன் வீட்டின் முதல் பட்டதாரி என்ற மிதப்பில், அம்மாவுக்குப் போன் போட்டு, "இங்கிருந்து ஒன்றரை மணி நேரந்தாம்மா" என்றாள். அம்மா விசாலம் கிலோமீட்டரைக் கண்டவளா? பஸ்ஸில் உட்காரும் நேரந்தான் அவளுக்குத் தூரம். சொந்த ஊர் ஓமலூரில் ஏறினால் தருமபுரி ஒன்றரை மணி நேரம். சேலம் விமான நிலையமோ பக்கத்துக் கமலாபுரத்திலேயே வெயில் காய்ந்து கிடக்கிறது. ஆக, மகள் இருப்பது தருமபுரி தூரத்தில்.

நேற்றுத் தங்கை ராஜிதான் போட்டு உடைத்தாள். "ஞாயித்துக்கிழமையானா அம்மா உனக்கும் சேத்துத்தான் உலை வெக்குது. மூணு மணி வரைக்கும் சாப்பிடாது. கேட்டா, 'தருமபுரியில இருக்கறாப்பலதான், வர மனசில்ல, படிச்சவளாச்சே'ங்குது."

அம்மாவைப் போனுக்குக் கூப்பிடச் சொல்லி, அந்த ஒன்றரை மணி நேரம் வெறும் கணக்குதான் என்று கனகவல்லி விளக்கிப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னது ஒன்றுதான்: "அதுக்கென்ன கண்ணு, உனக்கு வேல இருக்கும்."

திட்டியிருந்தால் தேவலை.

"திங்கக்கிழமை கிளையன்ட் வர்றாங்க," என்றார் பத்மநாபன். "இப்ப போனா, திரும்பி வர்றப்ப இந்த நாற்காலி இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

"சரி சார்."

அவர் வேலையைப் பார்க்கத் திரும்பினார். அவள் மேசைக்கடியிலிருந்து துணிப்பையை இழுத்தாள்.

"எங்கம்மா?"

"ஸ்டேஷனுக்கு. காலையிலயே டிக்கெட் எடுத்துட்டேன். ரயில்ல ஒரு நாளுக்கு மேல ஆவுது சார். அதையும் உங்க பேஜ்ல போடச் சொல்லுங்க."

லோஹேகாவ் விமான நிலையத்தில் கிளம்பிய விமானம் ஒன்று கூரையை உரசுகிற மாதிரிப் போனது. இத்தனை நாளும் ஒவ்வொன்றுக்கும் அண்ணாந்து பார்த்தவள் கனகவல்லி. இன்று பார்க்கவில்லை. படியிறங்கி, ஷேர் ஆட்டோ நிற்கும் பக்கம் நடந்தாள்.