கதவின் முதுகு

மரத்துக்குப் பொட்டு வைத்தவன் உலகத்தில் நான் ஒருவன் மட்டுமாக இருக்க முடியாது. ஆனால் வைத்த பொட்டை மறுநாள் காலையில் தானே பார்த்து ஏமாந்தவன் நான் ஒருவன்தான் என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் வீதியில், முதல் வளைவுக்குக் கீழே இருக்கிறது எங்கள் தச்சுப் பட்டறை. நானும் அஸ்ஹரும் கூட்டு. கதவு, யன்னல், அலுமாரி செய்கிறோம். வேலைப் பங்கீட்டில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. ரூட்டருக்கு எந்தப் பிட் போடுவது என்று நான் பேசுவேன், அஸ்ஹர் வெட்டுவான். பேசுகிறவன் ஒருவனும் வேலை செய்கிறவன் ஒருவனும் இருந்தால் எந்தத் தொழிலும் நன்றாக நடக்கும்.

ரூட்டரைப் பார்க்காதவர்களுக்காக: எங்கள் மேசைக்கு அடியில் ஒரு மோட்டாரைத் தலைகீழாகப் பூட்டியிருக்கிறோம். அதன் வாயில் செருகும் வெட்டலகுக்குப் பெயர் பிட். அது மேசையின் ஓட்டை வழியாகத் தலைநீட்டிச் சுற்றும். மரத்தை அதன் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனால், பிட்டின் வடிவம் எதுவோ அந்த வடிவத்தில் மரத்தைக் கடித்துத் துப்பும். நேர் பிட் காடி என்னும் நீளப் பள்ளம் வெட்டும். அலை பிட் விளிம்பில் அலை எழுப்பும். நான் இவற்றை வெல்வெட் விரித்த பெட்டியில் வைத்திருக்கிறேன். "உங்க நகைப்பெட்டி" என்பாள் என் மனைவி யசோதினி. அவளுக்கு அப்படி ஒரு பெட்டி இல்லாததால் அந்தப் பேச்சை நான் வளர்ப்பதில்லை.

அலுமாரிக் கதவுக்கு மட்டும் சோடிப் பிட் வேண்டும். ஒன்று, சட்டத்தின் உள் விளிம்பில் அழகு வளைவையும் நடுப்பலகை நுழையும் காடியையும் ஒரே ஓட்டத்தில் வெட்டும். மற்றது, குறுக்குச் சட்டத்தின் நுனியில் அதே வளைவை எதிர்மாறாக வெட்டும். இரண்டும் கைகோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். இதில் மறக்கக்கூடாதது ஒன்றுதான். கதவின் முன்பக்கமாக வரப்போகும் முகம் மேசையில் குப்புறப் படுத்திருக்க வேண்டும். மாறிப் படுத்தால் அழகு வளைவு மரத்தின் முதுகில் விழுந்துவிடும். அதனால் அஸ்ஹர் ஒவ்வொரு சட்டத்தின் நல்ல முகத்திலும் சிவப்புச் சோக்கால் ஒரு புள்ளி வைப்பான். புள்ளி கீழே, மரம் மேலே. எங்கள் பட்டறையின் சட்டப்புத்தகம் அவ்வளவுதான்.

நான் பொட்டு வைத்த அந்த முறை அடுக்கியிருந்தது அஸ்ஹரின் மகள் அஸ்னாவின் கலியாண அலுமாரிக்கான கதவுச் சட்டங்கள். அவர்கள் வீட்டு முற்றத்தில் நின்ற பலாமரம் பெருமழையில் வேரோடு சாய்ந்தது. நல்ல பாகம் கொஞ்சம்தான் தேறியது. அதைப் பலகையாக அறுத்து, நிழலில் காயவைத்து, தொட்டுத் தொட்டுப் பார்த்து வைத்திருந்தான்.

பிட் தேர்ந்தெடுக்க அஸ்னாவே வந்தாள். நான் நகைப்பெட்டியைத் திறந்து, மாதிரி வெட்டி வைத்திருந்த துண்டுகளை எல்லாம் பரப்பினேன். இரட்டை அலையை எடுத்து நீட்டினேன்.

"இதப் போட்டா வெலிமடையே உன் அலுமாரியப் பாக்க வரும்" என்றேன். மாப்பிள்ளை வீடு வெலிமடை.

அவள் சிரித்துவிட்டு, எல்லாவற்றிலும் சின்னதாக, ஆழமில்லாத ஒற்றை வளைவைத் தொட்டாள். "இது போதும் மாமா. மரம் தெரிஞ்சா சரி."

"என்னாம்மா, வாப்பா மாதிரியே கஞ்சமா இருக்க?"

"வாப்பா கஞ்சமில்ல, மாமா. நீங்கதான் எல்லாத்துலயும் கொஞ்சம் கூட" என்றாள். அஸ்ஹர் தூசிக்குள் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஆயுத பூசைக்கு முதல்நாள், கலியாணப் பேச்சாக அஸ்ஹர் வெலிமடைக்குப் புறப்பட்டான். பட்டறைப் பூசை என் பொறுப்பு. அவன் அதில் கலந்துகொள்ள மாட்டான், கடலையில் மட்டும் பங்கு கேட்பான். பஸ்ஸில் ஏறும்போது திரும்பிச் சொன்னான்: "கடலைய எடுத்து வைங்க. அஸ்னாட சட்டத்த மட்டும் தொடாதீங்க மச்சான். நா வந்து வெட்டுறன்."

என் காதில் விழுந்தது கடலை மட்டும்தான்.

பூசையென்றால் துப்புரவு. பட்டறையைக் கூட்டினேன், ரூட்டருக்கு எண்ணெய் போட்டேன், ஈரத்துணியை எடுத்து எல்லாவற்றையும் துடைத்தேன். எல்லாவற்றையும் என்றால், அந்தச் சட்டங்களையும் இரண்டு பக்கமும். பிறகு சந்தனம், குங்குமம். ரூட்டருக்கு ஒரு பொட்டு. வாளுக்கு ஒன்று. பக்தி முற்றி, அடுக்கியிருந்த சட்டங்களுக்கும் மேலே தெரிந்த பக்கத்தில் ஒவ்வொரு பொட்டு.

யசோதினி தேங்காயோடு வந்து பார்த்தாள். "மெசினுக்கு வைக்கிறது சரி. இந்தக் கட்டைக்கெல்லாம் எதுக்கு? என்ன, எல்லாம் கல்யாணப் பொண்ணா?"

"கல்யாணப் பொண்ணுட கட்டைதானே" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்ட திருப்தியில் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விசயதசமி. எதைத் தொடங்கினாலும் விளங்கும் நாள். நல்ல நேரத்தில் நல்ல மரத்தில் கை வைத்தால் பிள்ளைக்கு நல்லது, அஸ்ஹர் வந்து பார்க்கும்போது கதவு இரண்டும் கோத்து நிற்கும், மனிதன் மலைத்துப் போவான் என்று எனக்குள் ஒருவன் பேசினான். அவன் பேச்சு எனக்கு எப்போதும் பிடிக்கும். சோடிப் பிட்டில் முதலாவதைப் பூட்டினேன். அடுக்கைப் பார்த்தேன். ஒவ்வொரு சட்டத்திலும் அழகாகச் சிவப்புப் புள்ளி. "அஸ்ஹர் எவ்வளவு ஒழுங்கானவன்!" என்று நினைத்தேன். முந்தின நாள் என் மோதிர விரலால் நானே வைத்தவை அவை. அந்த விரலின் நகக்கண்ணில் அப்போதும் சிவப்பு இருந்தது.

புள்ளி கீழே, மரம் மேலே. பதமாகத் தள்ளினேன். ஓரிடத்திலும் கருகவில்லை. இரண்டாவது பிட்டைப் பூட்டி, துண்டு மரத்தில் உயரம் சரிபார்த்து, நுனிகளையும் வெட்டினேன். இவ்வளவு சுத்தமாக நான் வாழ்க்கையில் வெட்டியதில்லை. ஒரு குறுக்குச் சட்டத்தைத் தள்ளும்போது, மேலே இருந்த பக்கத்தில் புகை படிந்த மாதிரி ஒரு கறுப்புக் கறை ஓடுவதைக் கண்டேன். அதன் சோடிச் சட்டத்திலும் அதே கறை. பார்த்தாயா, அசிங்கத்தையெல்லாம் எவ்வளவு கெட்டித்தனமாகப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறான் என்று அதற்கும் அஸ்ஹரையே பாராட்டினேன்.

பின்னேரம் அவன் லீக்ஸ் மரக்கறிப் பையோடு வந்து இறங்கினான். கதவு இரண்டையும் பசை போடாமல் கோத்து, சுவரோடு சாய்த்து வைத்திருந்தேன். மூட்டுகளில் மயிரிழை நுழையாது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரிசு வாங்கப்போகும் பிள்ளை மாதிரி நின்றேன்.

அஸ்ஹர் பையைக் கீழே வைக்கவில்லை. கதவைப் பார்த்தான். முன்பக்கத்தில் மரத்தின் ரேகைகள் கன்னாபின்னாவென்று ஓடின. மஞ்சள் ரேகை ஒன்று மேலே ஓடி, அடுத்த சட்டத்தில் வெள்ளையாகிச் செத்தது. குங்குமம் விழுந்த பக்கம் சிலவற்றில் முகமாகவும் சிலவற்றில் முதுகாகவும் இருந்திருக்கிறது. அவன் கதவை மெல்லத் திருப்பினான். மேல் குறுக்குச் சட்டத்தின் பின்னால் அந்தக் கறுப்புக் கறை இருந்தது. பெருவிரலை எச்சில் தொட்டு, முன்பக்கத்துப் புள்ளி ஒன்றைத் தேய்த்தான். விரலைப் பார்த்தான்.

"இது சோக் இல்லயே" என்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது: அவன் வைத்த சோக்குப் புள்ளிகள் என் ஈரத்துணியோடு போயிருக்கின்றன. விளங்கிய பிறகும் கொஞ்ச நேரம் விளங்காதவன் மாதிரி நின்றேன்.

"மச்சான், அந்தக் கறை... பழுதுன்னு நெனச்சேன்."

"ஊஞ்சல் கொக்கி" என்றான் அஸ்ஹர். "அஸ்னாட உம்மா அடிச்ச கொக்கி. மரம் வளந்து வளந்து கொக்கிய முழுங்கிரிச்சி. அந்த இரும்புட கறை." கதவின் முதுகில் கறை ஓடிய வழியே விரலைக் கொண்டுபோனான். "ரெண்டு கதவுக்கும் மேல, முன்னுக்கு, ஒரே கோடா வரணும் எண்டு புள்ள கேட்டது. அது மட்டுந்தான் கேட்டது."

அஸ்னாவின் உம்மா கண்ணை மூடி மௌத்தானபோது அஸ்னா பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. அந்த ஊஞ்சலை நானும் பார்த்திருக்கிறேன், ஒரு பெருநாளில் ஏறி உட்கார்ந்து கயிற்றையும் அறுத்திருக்கிறேன். கொக்கி என்ன ஆனது என்று நான் ஏன் யோசிக்கப்போகிறேன்?

"விளிம்ப வெட்டி எடுத்துட்டு, திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டுவமா?" என்றேன். அஸ்ஹர் அடிமட்டத்தை எடுத்து வைத்துக் காட்டினான். வளைவை வெட்டி எடுத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் கறையும் தூளாகத்தான் போகும். கதவையே திருப்பி மாட்டினால் மற்றச் சட்டங்களின் கணுவும் வெடிப்பும் முன்னுக்கு வரும். வேறு மரமும் இல்லை. மீதி மழையிலேயே உளுத்துவிட்டது.

"எனக்கு நல்லா ஏசுங்க மச்சான்" என்றேன்.

"பரவாயில்ல" என்றான். லீக்ஸ் பையை மேசையில் வைத்தான். "யசோதினிக்குக் குடுங்க. இண்டைக்குப் புடுங்கினது." போய்விட்டான். எடுத்து வைத்திருந்த கடலையைக் கேட்கவில்லை.

அடுத்த நாள் அவன் நீலச் சோக் வாங்கி வந்தான்.

ஒரு சொல் ஏசியிருந்தால் நான் அழுதுவிட்டுச் சாப்பிட்டிருப்பேன். அந்த நீலச் சோக்கைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை வழக்கம்போல நடந்தது. "கோவமா மச்சான்?" என்பேன். "சேச்சே, அந்த கிளாம்பத் தாங்க" என்பான். தேநீர் குடிக்கும்போது கேட்பேன். "சீனி காணுமா, இன்னும் போடவா?" என்பான். கதவுகளுக்குப் பசை போட்டு இறுக்கியவன் அவன். மெருகு போட்டவனும் அவன். கதவின் முதுகுக்கும் முகத்துக்குப் போட்ட அதே மெருகைப் போட்டான், கறை ஓடிய இடத்துக்கு இன்னும் ஒரு தடவை கூட.

வீட்டில் யசோதினியிடம் கேட்டேன். "அவனுக்கு என் மேல கோவமா இல்லையா? நீ என்னா நெனைக்கிற?"

"நீங்க மொதல்ல சாப்பிடுங்க" என்றாள்.

என் வேடிக்கைப் பேச்சையெல்லாம் எடுத்து விட்டுப் பார்த்தேன். குங்குமப் பொட்டுக் கதையை அஸ்ஹருக்கே ஒருமுறை நகைச்சுவையாகச் சொன்னேன், நானே குரங்கு மாதிரி நடித்தும் காட்டினேன். அவன் மரியாதைக்குச் சிரித்தான். பட்டறை தொடங்கிய காலத்திலிருந்து அவன் என் பேச்சுக்கு மரியாதைக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அலுமாரியை ஏற்ற லொறி வருவதற்கு முந்திய காலை, அஸ்னா பார்க்க வந்தாள். அஸ்ஹர் ஆணி வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தான், அல்லது போவதாகச் சொல்லியிருந்தான். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும். அலுமாரிக்கு முன்னால் நின்று கதவின் வளைவைத் தடவினாள்.

"நல்ல வேல மாமா. மூட்டே தெரியல்ல."

"அஸ்னா, மாமா செஞ்சது..."

"பரவாயில்ல மாமா."

அப்பனும் மகளும் ஒரே பிட்டில் வெட்டியது போல அதே சொல். எனக்குத் தாங்கவில்லை. நாலு நாளாக மனதுக்குள் சீவிச் சீவி வைத்திருந்த சமாதானத்தை எடுத்தேன். கதவைத் திறந்து, உட்புறத்தில் மினுங்கிய கறையைக் காட்டினேன்.

"இங்க பாரும்மா. ஒரு வகையில இது நல்லதுதான். வெளியில இருந்தா வாறவன் போறவனெல்லாம் பாப்பான். இப்ப நீ தொறக்கிறப்ப மட்டும் தெரியும். உனக்கும் உம்மாவுக்கும் மட்டும். இல்லியா?"

அவள் கறையைப் பார்த்தாள். தலையாட்டுவாள் என்று நினைத்தேன். தலையாட்டத்தான் போனாள்.

"பரவாயில்லன்னு சொல்லாத" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "உங்க வாப்பாவும் அதயேதான் சொல்றாரு. நீயாவது உள்ளதச் சொல்லு. இது சரியா, இல்லியா?"

அஸ்னா கதவைச் சாத்தினாள். முன்பக்கம் சுத்தமாக, பளபளப்பாக, எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய கதவாக இருந்தது.

"இல்ல மாமா, சரியில்ல" என்றாள். "அந்த வீட்டுல உம்மாவத் தெரிஞ்ச ஒரு ஆள் இல்ல. நானாப் போய் உம்மாட கதைய எப்பிடித் தொடங்குற? இது வெளிய இருந்தா யாராவது வந்து, இவ்வளவு நல்ல அலுமாரியில இதென்ன கறை எண்டு கேப்பாங்க. கேட்டா நான் சொல்லுவன். அதுக்குத்தான் கேட்டன்." வளைவின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தாள். "இனி யாரும் கேக்க மாட்டாங்க."