தானாக இறங்கும் கதவு

கதவின் உள்பக்கம் ரெக்சின் ஒட்டக் குனிந்திருந்த அகிலாவின் பிடரியில் கார்க்கதவு வந்து உட்கார்ந்தது. நேற்று மத்தியானம் மாட்டுக்கொம்பு மாதிரி விறைத்து நின்ற கதவு. இப்போது சோம்பேறி எருமை படுப்பதுபோல மெல்ல இறங்கி, பாரத்தை அவள் கழுத்தில் போட்டது. தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். கழுத்தெல்லாம் கிரீஸ். முந்தானையால் துடைக்கத் துடைக்கப் பரவியதே ஒழியப் போகவில்லை.

"சனியன்" என்றாள்.

பக்கவாட்டில் திறக்கிற கதவுக்கு மேலே ஒரு கீல், கீழே ஒரு கீல் இருக்கும். பாரத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். மேலே எழும் கதவுக்கு ஒரே கீல்தான். அது கதவை ஒரு சாண் வெளியே தள்ளி, அப்புறம் செங்குத்தாகத் தூக்கவேண்டும். அந்த ஒற்றைக் கீலுக்கு இடம் பண்ணுவதற்காக, நல்லாயிருந்த காரின் முன்தூணை அறுத்து, கனத்த தகடு வைத்து வெல்டு அடித்திருந்தான் அவள் புருஷன் சிவராஜ். தூக்கிய கதவை நிறுத்திவைப்பது காற்று அடைத்த ஒரு குழாய். டிக்கி மூடியைத் தாங்குமே, அந்த ரகம். சூட்டில் முறுக்கும், குளிரில் தொய்யும். சிவராஜ் சோதித்துப் பார்த்தது பட்டறையின் தகரக்கூரைக்குக் கீழே, உச்சிவெயிலில். இதுவோ மார்கழிக் காலை.

கார் நாராயணுடையது. நேமத்தான்பட்டியில் அப்பச்சி விட்டுப்போன வீட்டை ஓட்டலாக்கி நடத்துகிறவன். நாளை மறுநாள் டெல்லிக்காரர்களின் கல்யாணம் அங்கே. மாப்பிள்ளை பெண்ணை உட்காரவைத்துத் தானே ஓட்டிவந்து, ரெண்டு கதவும் ரெக்கைபோல எழும்ப, வாசலில் இறங்கவேண்டுமாம். படம் எடுப்பார்களாம். மற்ற நாளெல்லாம் அந்தக் காரை ஓட்டுகிறவன் வைரவன், அகிலாவின் தம்பி.

அவன்தான் வேறொரு வண்டியில் நாராயணை அழைத்துவந்தான். நாராயண் கதவைத் தூக்கிவிட்டான். அது அவன் கண்ணெதிரே இறங்கியது.

"என்ன சிவராஜ், கதவு தூங்கி விழுது?"

"பாரம் சாஸ்தி. பெரிய காத்துக்கொழாய் போடணும். கோயம்புத்தூர்லருந்து வர ஒரு வாரமாகும்."

"ஒரு வாரத்துல கல்யாணம் முடிஞ்சு பிள்ளையே உண்டாயிருக்கும்யா. கதவுக்குள்ள குறுக்க ஒரு இரும்புக் கொழாய் ஓடுதுல்ல, அத அறுத்துப் போடுங்க. பாரம் கொறஞ்சிரும்."

சிவராஜ் தலையைச் சொறிந்தான். சொறிந்தபடியே கிரைண்டரை எடுத்தான்.

அகிலாவுக்கு அந்தக் குழாயைத் தெரியும். லாரி பக்கத்திலிருந்து இடித்தால், லாரிக்கும் உள்ளே இருப்பவன் விலாவுக்கும் நடுவே நிற்பது அதுதான். திருப்பத்தூர் சாலையில் அடிபட்டு வருகிற கார்களில் ரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சைப் பிய்த்துப் போட்டுவிட்டு, புது சீட் தைப்பது அவள் வேலை. என்ன சோப்புப் போட்டாலும் அந்த வாடை சோற்றில் வந்து நிற்கும்.

"அத அறுக்கப்படாது. அந்தக் கதவோரம் தெனமும் ஒக்காரப்போறது என் தம்பி."

"அட நீ வேற அக்கா" என்று வைரவன் இளித்தான். "மொதலாளி சொல்றாக, நீ குறுக்க பேசுற. நீங்க அறுங்க மச்சான்."

லாரிப் பயத்தைவிட அந்த இளிப்புத்தான் அவளை உறுத்தியது. புருஷன் முகத்தைப் பார்த்தாள். அது கிரைண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. போய் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு தையல் மெஷின் முன் உட்கார்ந்தாள்.

"அறுக்கணும்னா இங்குட்டு வந்து என் மடியில கை வச்சு வாங்கிக்கிட்டுப் போங்க, யாரா இருந்தாலும்."

நாராயண் கோபப்படவில்லை. சிரித்தான்.

"சரி ஆத்தா, அறுக்கலை. வைரவா, இந்தப் பக்கத்துக் கதவ நீ பிடிச்சுக்க. அந்தப் பக்கத்துக் கதவ ஓட்டல் தோட்டக்காரர் பிடிச்சுக்குவாரு. அவுக எறங்குற வரைக்குந்தான?"

"அதுக்கென்ன மொதலாளி."

அங்கேயே ஒத்திகை நடந்தது. வைரவன் முன்சக்கரத்தோரம் குந்தி, கையை மேலே நீட்டி, கதவின் கண்ணாடிச் சட்டத்தை முன்பக்கமாக இழுத்துப் பிடித்தான். நாராயண் காரின் பின்பக்கமிருந்து செல்போனில் பார்த்தான்.

"தல தெரியுது. குனி. இன்னும் குனி. வெரல மடக்கு."

"இப்பத் தெரியுதா மொதலாளி?"

"இல்ல. அப்படியே இரு."

எடுத்த படத்தை நாராயண் அகிலாவிடம் கொண்டுவந்து காட்டினான். அவள் மெச்சவேண்டும்போல நின்றான். படத்தில் வெள்ளைக் கார் பளபளத்தது. கதவு மேகத்தைத் தொடப்போவதுபோலத் தானாக நின்றது. பக்கத்தில் மனுஷ வாசனையே இல்லை.

அகிலா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். கையை விடு என்று யாரும் சொல்லாததால், வைரவன் இன்னும் சக்கரத்தோரம் குனிந்தே இருந்தான். நீட்டிய கை தோளிலிருந்து நடுங்க, அதோடு சேர்ந்து கதவின் கண்ணாடியும் சன்னமாகக் கடகடத்துக்கொண்டிருந்தது.