ஒரே எண், இரண்டு பிரேக் கட்டை

பட்டியல்காரிக்குக் காலையிலிருந்தே பற்றிக்கொண்டு வந்தது. லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் எந்தப் பொருளுக்கு எந்த எண் என்று கணினியில் பதிந்து காப்பது அவள் வேலை; அதனால் அந்தப் பட்டப்பெயர். காப்பதாவது! கிடங்குக்கு ஒரு பட்டியல், கொள்முதலுக்கு ஒன்று, சர்வீஸுக்கு ஒன்று. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று மூன்று மேலாளர்களும் ஆளுக்கொரு முயலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நாற்பத்தேழு என்றால் சர்வீஸில் பெரிய லிஃப்டின் பிரேக் கட்டை. அதே நாற்பத்தேழு கிடங்கில் சின்ன லிஃப்டின் கட்டை. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், கனத்தில்தான் கொஞ்சம் வித்தியாசம். எண்களை ஒன்றாக்குங்கள் என்று அவள் கெஞ்சாத கூட்டம் இல்லை. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். கடைசியில் சர்வீஸிலிருந்து பொருள் கேட்டு வரும் சீட்டுகளைத் தினமும் அவளே கிடங்கு எண்ணுக்கு மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அவள் காய்ச்சலில் படுத்த ஒரே நாள், சீட்டு மாற்றப்படாமல் போனது. பெரிய லிஃப்டுக்குச் சின்னக் கட்டை வந்தது. பெட்டியில் கேட்ட எண்ணே இருந்ததால் மெக்கானிக் அதை மாட்டினான். லிஃப்ட் அரை மாடி நழுவி, உள்ளே இருந்த பெரியவருக்குக் கை ஒடிந்தது. அந்த மெக்கானிக் அவளுடைய சொந்தத் தம்பி.

அன்று காலை விசாரணை அறையில் மேலாளர்கள் முதலில் ஒருவரையொருவர் கடித்துக் குதறினார்கள். என் எண்தான் முதலில் வந்தது என்றார் ஒருவர், என் எண்தான் பெட்டியில் இருக்கிறது என்றார் இன்னொருவர். இத்தனை வருடமாக எதிலும் ஒத்துப்போகாதவர்கள் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்: தம்பியை வேலையை விட்டு அனுப்பிவிடலாம். பட்டியலில் பிழையில்லை, மெக்கானிக்தான் கவனிக்கவில்லை என்று எழுதிய தாளைக் கையெழுத்துக்காக அவள் முன்னால் தள்ளினார்கள்.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவர்கள் மேல் மட்டுமல்ல, அவர்கள் கிழித்ததையெல்லாம் சத்தமில்லாமல் தைத்துக்கொண்டிருந்த தன் மேலும். தாளைத் தொடாமல் எழுந்து தன் இடத்துக்குப் போனாள். இரண்டு கட்டைகளையும் கணினியில் பூட்டினாள். பூட்டிய பொருளுக்குக் கிடங்கில் அனுமதிச் சீட்டு வராது; திறக்கும் அதிகாரம் அவளுக்கு மட்டும்தான்.

சர்வீஸ் மேலாளர் மூச்சிரைக்க வந்தார். "என்னம்மா பண்ணி வெச்சிருக்க? கட்டை மாத்தறதுக்காக ஏழு லிஃப்ட் நிக்குது."

"நிக்கட்டும் சார். நிக்கிற லிஃப்ட்ல யாருக்கும் கை ஒடியாது."

மற்ற இருவரும் அவர் பின்னால் வந்து நின்றார்கள். எப்போது திறப்பாள் என்று கேட்டார்கள். ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கும் வரை திறக்கமாட்டேன், வேண்டுமானால் தம்பியோடு என்னையும் அனுப்பிவிடுங்கள் என்றாள். அனுப்பிவிட்டால் மூன்று பட்டியலையும் பொருத்திப் பார்க்க வேறு ஆள் இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

கிடங்கு மேலாளர்தான் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையோடு கொண்டுவந்திருந்த, தம்பி பேர் எழுதிய தாளை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"சரி, யாரோட நம்பரை மாத்தணும்?"

"மூணு பேரோடதையும்," என்றாள் அவள்.