கால்வாயில் சிக்கிய சொர்க்கம்

வெனிஸ் நகரத்துப் புனித ஓர்சோலா ஆலயத்தின் தற்காலிக இசைத் தலைவர் மார்கந்தோனியோ ஸ்கார்பாவுக்கு ஆண்டவன்மேல் பக்தி உண்டு. தன்மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. இன்றைய திருவிழாப் பாட்டு நன்றாக அமைந்தால் அந்தத் 'தற்காலிக' வாலை நறுக்கிவிடுவதாக ஆலய நிர்வாகி லுனார்தோ பிரபு வாக்குக் கொடுத்திருந்தார்.

அதற்காகவே மார்கந்தோனியோ, ஆலயத்தின் எதிரெதிர் மேல்மாடங்களில் நின்று இரண்டு குழுக்கள் பாடும் ஆனந்தப் பாட்டு ஒன்றை இயற்றியிருந்தார். இடது மாடத்துக் குழு "மகிழுங்கள்!" என்று முழங்கும், வலது மாடத்துக் குழு "மகிழுங்கள்!" என்று பதில் கொடுக்கும். பூமி கூப்பிடுகிறது, சொர்க்கம் பதில் சொல்கிறது என்று பொருள். இதைக் கேட்காதவன் பிறந்ததே தண்டம் என்று ஊரிலுள்ள ஒவ்வொரு பிரபு வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பூசை தொடங்கியாயிற்று. வலது மாடம் காலி.

"மேஸ்த்ரோ, சொர்க்கத்த எங்க காணோம்?" என்று இசைத் தலைவரிடம் கேட்டார் ஆர்கன் வாசிக்கும் சுவானே.

"காலைல வேற கோயில்ல பாடிட்டு வந்துடறோம்னானுங்க பாவிங்க!"

திருவிழா நாளில் ஒரே கோயிலில் மட்டும் பாடுகிறவனுக்குக் குரல் போய்விட்டது என்றுதான் வெனிஸில் பேசிக்கொள்வார்கள்.

"வந்துட்டாங்களே! ஜன்னல் வழியா பாருங்க" என்றார் சுவானே.

கால்வாயில் தண்ணீரே தெரியவில்லை. மேஸ்த்ரோ அழைத்த பிரபுக்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு வந்திறங்கிய படகுகள் அடைத்துக்கொண்டு கிடந்தன. மீன் படகுக்கும் முட்டைக்கோஸ் படகுக்கும் நடுவே சொர்க்கம் சிக்கியிருந்தது.

கீழே லுனார்தோ பிரபு பொறுமையிழந்து கைக்குட்டையை ஆட்டினார். மார்கந்தோனியோ கண்ணை மூடிக்கொண்டு, தாளம் போடும் காகிதச் சுருளை உயர்த்தினார்.

"மகிழுங்கள்!" என்றது இடது மாடம்.

நிசப்தம். யாரோ தும்மினார்கள். தன் பதவி படியிறங்கிப் போவது மேஸ்த்ரோவுக்குக் காதில் கேட்டது.

அப்போது, திறந்திருந்த கால்வாய்க் கதவு வழியாக, சற்றுத் தாமதமாக, "மகிழுங்கள்!" என்று வந்தது. படகிலேயே எழுந்து நின்று பாடிவிட்டார்கள்! கூடவே, "யோவ் மெனேகோ, ஆடாதய்யா, கவுந்துடும்!" என்பதும் வந்தது. அடுத்த இடைவெளியில் மீன்காரி, "மத்தி! துள்ளுற மத்தி!" என்று சுதி பிசகாமல் கூவினாள். கடைசி அல்லேலூயாவில் முட்டைக்கோஸ்காரன், துடுப்புக்காரர்கள், ஒரு நாய் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

பூசை முடிந்ததும் லுனார்தோ பிரபு கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மேஸ்த்ரோ! அந்தப் பதில் தாமதமா வந்துச்சே, அங்கதான் நான் அழுதுட்டேன். சொர்க்கம் என்னைக்குய்யா உடனே பதில் சொல்லியிருக்கு?"

மார்கந்தோனியோ நெஞ்சை நிமிர்த்தினார். "பல மாச யோசனை, பிரபு."

"அந்த மீன்காரி?"

"ஏசுவோட அப்போஸ்தலர்கள் மீனவர்கள்தானே, பிரபு."

ஆர்கனுக்குப் பின்னாலிருந்து சுவானே இருமினார்.

"பதவி உமக்குத்தான். நிரந்தரம்!" என்றார் பிரபு. "இனிமே ரெண்டு குழுவும் படகுலயே பாடட்டும். நீரும் அங்கயே நின்னு தாளம் போடும். மாடம் ரெண்டும் காலியாகுதே, என் மாமியார் வீட்டுக்காரங்களுக்கு ரொம்ப நாளா நல்ல இடம் கெடைக்கல."

அன்றிலிருந்து ஆலயத்தின் நிரந்தர இசைத் தலைவர் ஆலயத்துக்கு வெளியேதான் இருக்கிறார். மழை பெய்தால் மீன்காரி குடை பிடிக்கிறாள்.