மாமா கொண்டுவந்த கடல் பசு

சாமியா ஆய்வேட்டின் அந்த அத்தியாயத்தை மறுபடியும் திருத்தி எடுத்துக்கொண்டு போனபோதும் பேராசிரியர் ரத்தினவேல் பழைய கேள்வியையே கேட்டார்.

"இதுல இலக்கியம் எங்கம்மா இருக்கு?"

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் தமிழ்த்துறையில் அவள் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கட்டுமாவடி மீனவர்கள் கடலில் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லும் விதம்தான் ஆய்வுப் பொருள். ஒருவர் எங்கே தொடங்குகிறார், எதை நீட்டிச் சொல்கிறார், எந்த இடத்தில் பேச்சை மாற்றுகிறார் என்று பார்ப்பது. அந்தத் தலைப்புக்கு வழிகாட்டியாகக் கையெழுத்துப் போட்டவரும் ரத்தினவேல்தான்.

"கற்பனைதான் இலக்கியம்னா, தன்வரலாறு, பயணக் கட்டுரையெல்லாம் நம்ம சிலபஸ்ல எதுக்கு சார் இருக்கு?"

"அதெல்லாம் எழுதுனது. இது ஒங்க மாமா பேசுனது. படகு கவுந்துச்சு, ஐஸ் பெட்டியப் பிடிச்சுக்கிட்டு கெடந்தோம், வேற படகு வந்து தூக்குச்சு. பேப்பர் செய்தி மாதிரி இருக்கும்மா. ஒரு உச்சம் வேணாமா? ஒருநாள் நானே வந்து கேக்குறேன்."

அறந்தாங்கி வரை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. சாமியா நின்றுகொண்டே, அவர் முன்னால் சொல்லாமல் விட்ட பதில்களையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ரிஃபாய் அவளுடைய உம்மாவின் தம்பி. போன வருடம் அவரும் கூட்டாளி பெரியண்ணனும் போன ஃபைபர் படகு கவிழ்ந்து, ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். அதை அவர் சொல்ல, சாமியா போனில் பதிவு செய்திருந்தாள். பாதிக்கு மேல் சண்டைதான். கரையைப் பார்த்து நீந்தலாம் என்று ஒருவர், பெட்டியை விடக்கூடாது என்று இன்னொருவர். நடுவில் ஓரிடத்தில் மாமா குரலை இறக்கி, "பெரியண்ணன் பொண்டாட்டி பேரச் சொல்லி அழுதாரு" என்பார். உடனே மீன் விலைக்குத் தாவிவிடுவார். அந்தத் தாவலைப் பற்றி மட்டுமே சாமியா பல பக்கங்கள் எழுதியிருந்தாள்.

ரத்தினவேல் சொன்னபடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுமாவடியில் மாமா வீட்டுக்கு வந்தார். மாமா இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். மாமி பவுசியா டீயும் பலகாரமும் வைத்தாள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். கடல் பால் மாதிரி வெளுத்ததாம். அடியிலிருந்து ஒரு கடல் பசு மேலே வந்து, ஐஸ் பெட்டியை முதுகில் தாங்கிக்கொண்டு விடிய விடிய நின்றதாம். சண்டையைக் காணோம். அழுகையையும் காணோம்.

"இதத்தாம்மா நான் கேட்டேன்," என்றார் ரத்தினவேல். "இத அப்படியே எழுது."

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்த சாமியா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, கடல் பசு எங்கேருந்து வந்துச்சு?"

"கடல்லேருந்துதான்."

"வெளையாடாதீங்க. அன்னைக்குச் சொன்னப்ப அது இல்லயே."

"பெரிய வாத்தியாரு பஸ் ஏறி வந்திருக்காரு. சும்மா அனுப்பச் சொல்றியா?"

"நடந்தத நீங்க எப்படிச் சொல்றீங்கங்கிறதுதான் மாமா என் படிப்பே. நீங்க அளந்து விட்டா நான் எத வச்சு எழுதுறது?"

மாமா இஸ்திரிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாமிதான் அடுப்படியிலிருந்து, "அவகிட்ட உள்ளதச் சொல்லுங்களேன்" என்றாள்.

"அன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன் புள்ள," என்றார் மாமா. "பெரியண்ணன் அழுதது ஒங்க காலேஜ்ல புஸ்தகமாக் கெடந்தா, நாளைக்கு அவரு மகன் படிப்பான். கடல் பசு வந்துச்சுன்னா யாருக்கும் கேவலமில்ல."

சாமியாவுக்கு எரிச்சல் முழுக்கத் தன் மேலேயே திரும்பியது. அந்த அழுகையை வரி வரியாக அலசியவள், அழுத மனிதரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போனாள். பெரியண்ணன் படகு இன்ஜினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் விஷயத்தைச் சொல்லி, பதிவைப் போட்டுக் காட்டினாள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

"அழுதது நெசந்தான் தங்கச்சி. எழுதிக்க. என் பேர மட்டும் போடாத," என்றார். பிறகு அவர் குரல் மாறியது. "ஆமா, பாய் மட்டும் என்ன பாட்டா பாடிக்கிட்டு இருந்தாரு? மொதல்ல அழுக ஆரம்பிச்சதே அவருதான். வா, அவர்ட்டயே கேப்போம்."

வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார். மாமா வாசலிலேயே மறுத்தார்.

"நான் எங்கய்யா அழுதேன்? உப்புத் தண்ணி கண்ணுல பட்டுச்சு."

"விடிய விடியவா பட்டுச்சு?"

"நீந்திப் போவோம்னு நீ அடம் பிடிச்சியே, அதச் சொல்லு மொதல்ல."

"பெட்டிய இழுத்து இழுத்து என் கையத் தேய்ச்சீங்களே, அதச் சொல்லுங்க."

பதிவு செய்ய இருவரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் சாமியா போனை நடுவில் வைத்தாள். அவர்கள் மதியம் வரை சண்டை போட்டார்கள். அழுத விஷயத்தில் கடைசிவரை முடிவு வரவில்லை. மாமி இருவருக்கும் சோறு போட்டாள்.

அத்தியாயத்தை அவள் முழுக்க மாற்றி எழுதினாள். மருமகளிடம் சொன்னது, விருந்தாளிக்குச் சொன்னது, கூட்டாளியோடு சேர்ந்து சொன்னது என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கேட்க வந்தவர் யார் என்பதைப் பொறுத்துச் சொல்வது எப்படி மாறியது என்று காட்டினாள்.

ரத்தினவேல் அவளை உட்கார வைத்துக்கொண்டே முழுக்கப் படித்தார். ஒரு பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"உச்சத்தை எதிர்பார்த்து வந்த கேட்பாளர்னு போட்டிருக்கியே, இது நாந்தானே?"

"பேரு போடல சார்."

"டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் தெரியுமேம்மா. அந்த வரிய எடுத்துரலாமா?"

"எடுத்தா கடல் பசு ஏன் வந்துச்சுன்னு வெளங்காது சார்."

அவர் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தார். மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, எழுத்துப்பிழைகளை மட்டும் சுழித்துவிட்டு, அந்த வரியைத் தொடாமல், அடியில் கையெழுத்துப் போட்டார்.