ரெஜ்ஜின் இரகசிய உரம்

புருஷன் மேல் மேவிஸ் டோட்ஸுக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது அந்த ஆகஸ்ட் மாதத்தில்தான். தோட்டத்துக் கொட்டகைக்குள் போனால் ரெஜ் லேசில் வீடு திரும்புவதில்லை. இவள் காலடிச் சத்தம் கேட்டாலே கையிலிருந்த போனை அவசரமாகக் கோட்டுப் பையில் திணித்தான். எழுபதைத் தாண்டிய இந்த மூஞ்சிக்கு எவள் சிக்கினாள் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள் டீ குடிக்க வந்தவன் கோட்டைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டான். மேவிஸ் நேராகப் போய்ப் போனை எடுத்துப் பார்த்தாள். பெண் யாரும் இல்லை. தபால் வண்டி ஓட்டும் லியாம் பாரோ திரையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். லீக்ஸ் என்ற பெரிய வெங்காயத்தாளை வளர்ப்பது எப்படி என்று வீடியோ போட்டே ஆஷிங்டன் வட்டாரத்தில் பெரிய மனிதனாகிவிட்ட பயல்.

அடப்பாவி! பெண்ணாக இருந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

ஏனென்றால் 'பாத்தி' என்ற காலாண்டிதழ் அவளுடையது. பெரிய லீக்ஸ் வளர்த்துப் போட்டி போடுகிறவர்களுக்கென்றே நடந்த ஒரே பத்திரிகை. ஊரில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஓடிய காலத்தில் தொடங்கியது. எழுதுவது, திருத்துவது, உறையில் போட்டு அனுப்புவது எல்லாம் அவள்தான், அதுவும் முன்னறை மேஜையிலிருந்தே. இப்போது சந்தாதாரர்களில் பாதிப் பேர் கல்லறையில் இருந்தார்கள். மீதிப் பேர் லியாமை ஓசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலையுதிர்கால இதழ் விற்காவிட்டால் அடுத்ததை அச்சடிப்பதில் அர்த்தமில்லை என்று அச்சகத்துக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அந்த ஆத்திரத்தோடுதான் அவள் வீடியோவை ஓடவிட்டாள். லியாமுக்குப் பக்கத்தில், அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையோடு, ரெஜ் நின்றான்.

"சாம்பியன் சார், உங்க உரத்தோட இரகசியத்த நம்ம ஜனங்களுக்குச் சொல்லிடுங்களேன்" என்றான் லியாம்.

"அதுக்கென்ன தம்பி," என்றான் ரெஜ். "காய்ஞ்ச மாட்டு ரத்தத்தூளு, பிரவுன் பீரு, கொஞ்சம் வெல்லப்பாகு. மூணையும் கலக்கி, லீக்ஸைத் தோண்டுறதுக்கு முந்தின வாரம் வேர்ல ஊத்தணும். எல்லாப் பயலும் கடைசியில உரத்த நிறுத்திருவான். அங்கதான் கோட்டை விடுறான்."

அந்த இரகசியத்தைப் 'பாத்தி'க்குக் கொடு என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. "அடுத்த வருஷம் பாக்கலாம், கண்ணு" என்றே காலத்தை ஓட்டியவன், நேற்று முளைத்த இந்தத் தபால்காரனிடம் பல் தேய்க்கிற மாதிரிச் சுலபமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வீடியோவுக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்த எதையும் அவள் படிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவள் ரெஜ்ஜிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் பொறாமை பிடித்தவளுக்கு வாய் எங்கே திறக்கிறது? நேராக மேஜைக்குப் போனாள். இலையுதிர்கால இதழின் முதல் பக்கத்தில் போட்டிருந்த பூச்சிக் கட்டுரையைத் தூக்கி எறிந்துவிட்டு, பெரிய எழுத்தில் தலைப்பு வைத்தாள்: 'ரெஜ் டோட்ஸின் இரகசிய உரம், அவர் மனைவியின் வாய்மொழியில்.' ரெஜ் கண்ணில் படாமல் அச்சுக்குக் கொடுத்து, அவன் கண்ணில் படாமலே தபாலிலும் சேர்த்தாள்.

இதழ் பறந்தது. ஊர் கிளப்பின் மதுக்கூடத்தில் வைத்த கட்டு அன்றைக்கே காலியானது. "மேவிஸ், இன்னும் இருக்கா?" என்று வீட்டுக் கதவைத் தட்டினார்கள். லியாமே ஒன்று வாங்கிப் போனான் என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு உச்சி குளிர்ந்தது. ரெஜ் தன் பிரதியைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் முதல் பக்கத்தையே பார்த்தான்.

"எல்லாருக்கும் போயிருச்சா?" என்று மட்டும் கேட்டான்.

"போய் நாலு நாளாச்சு. ஏன், உன் செல்லப்பிள்ள கோவிச்சுக்குவானோ?"

அவன் கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனான். குற்றமுள்ள நெஞ்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, கிளப்பில் லீக்ஸ் கண்காட்சி. கறுப்புத் துணி விரித்த மேஜைகளில், குழந்தைத் தொடை பருமனுக்கு, கழுவித் துடைத்த வெள்ளைத் தண்டுகள் ஜோடி ஜோடியாகக் கிடக்க வேண்டிய நாள். மேவிஸ் நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு போனாள். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

தண்டெல்லாம் வெடித்துக் கிடந்தன. மேலிருந்து கீழ்வரை வாய் பிளந்து, உள் மடிப்புகள் வெளியே தெரிந்தன. வெடித்த லீக்ஸை நடுவர் அளந்துகூடப் பார்க்கமாட்டார். ஒரு வருஷத்து உழைப்பு மொத்தமும் குப்பை. ஹாரி ஃபென்விக் என்ற பருத்த மனிதர் 'பாத்தி'யைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கடைசி வாரத்துல ரத்தத்தூள் போட்டா வெடிக்கும்னு எங்களுக்குத் தெரியாதா, மேவிஸ்? அந்தப் பய வீடியோவுல ரெஜ் சொன்னப்ப ஊரே சிரிச்சுது. உரத்தப் பத்தி எவன்டா வெளியாளுகிட்ட உண்மை பேசுவான், கிழவன் நல்லா காதுல பூ சுத்துறான்னு கீழயே எழுதிவச்சோம். ஆனா நீ அச்சுல போட்டுட்டே! கட்டின பொண்டாட்டி, 'பாத்தி'யில போட்டா, பொய்யா இருக்கும்னு எவன் நினைப்பான்?"

தோட்டக்காரன் புளுகு என்றால் என்னவென்று அவளுக்கா தெரியாது? வேலிக்கு அந்தப்பக்கம் நின்றவனிடம் ரெஜ் வாய் கூசாமல் அளந்துவிட்டு உள்ளே வந்து சிரிப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறாள்! அன்றைக்கு லியாம் முகத்தைப் பார்த்ததும் புத்தி மழுங்கிப்போனது.

முழுசாக நின்றது ஒரே ஒரு ஜோடி. லியாமுடையது. "நான் ஊத்தலைங்க," என்றான் அவன் கூச்சத்தோடு. "என்கிட்ட பொய்தான் சொல்லுவார்னு தெரியும். இதழ் வந்தப்பதான் ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன். அந்த வீடியோவையும் தூக்கிட்டேன்." ஒரு விரலால் அழித்துவிட்டான். அவளுடைய இதழோ வீட்டுக்கு வீடு அலமாரியில் கிடந்தது. அந்த நேரத்திலும் அவன் விரலைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரெஜ் மூலையில் நின்றிருந்தான். மேவிஸ் அவனிடம் போனாள்.

"அவன்கிட்ட ஏன் பேசினே?"

"அவன் வீடியோவுல வர்றதெல்லாம் புளுகுன்னு ஊரு பேசட்டும், உண்மைக்கு உன்கிட்ட வரட்டும்னுதான். நெசமானத உன் குளிர்கால இதழுக்கு வச்சிருந்தேன், கண்ணு. திடீர்னு கொடுக்கலாம்னு இருந்தேன்."

அதற்குள் ஹாரி ஃபென்விக் பின்னாலேயே வந்துவிட்டார். "உன் லீக்ஸ் எங்கப்பா? எங்களையெல்லாம் கவுத்துட்டு நீ மட்டும் கோப்பைய வாங்கிக்கலாம்னு பாத்தியா?"

ரெஜ் விலகி நின்றான். அவன் மேஜையில் இரண்டு தண்டுகள், வேறு யாருடையதையும்விடப் பெரியவை, அடிவரை வெடித்துக் கிடந்தன. வேரில் ரத்தத்தூள் வாடை இன்னும் போகவில்லை.

ஹாரி குனிந்து முகர்ந்தார். கையில் சுருட்டியிருந்த இதழை மெல்ல விரித்து, மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "ரெஜ்ஜுக்கே வெடிச்சிருச்சா! அப்ப இந்த வருஷ மழைதான்யா காரணம்," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு மதுக்கூடத்துப் பக்கம் நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

மேவிஸ் புருஷன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"வெடிக்கும்னு தெரிஞ்சும் நீ ஏன்யா ஊத்தினே?"

ரெஜ் தன் லீக்ஸைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"நம்ம இதழ்ல போட்டிருந்துச்சே," என்றான்.